விஎஸ்ஐ வாங்குமுன்

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. உன் செஸ்னா 152-இல் ஏற்ற இறக்க வேகம் காட்டும் விஎஸ்ஐ, விமானம் தரையில் நிற்கும்போதே நிமிடத்துக்கு 200 அடி காட்டுகிறது என்று எழுதியிருந்தாய். உடனே புதிது வாங்கிவிடாதே. முகப்பின் கீழ் இடது மூலையில் ஒரு சிறு திருகு இருக்கும். கண்ணாடியை விரலால் மெல்லத் தட்டிக்கொண்டே அதைத் திருப்பு. முள் சுழியத்துக்கு வந்து நின்றால் போதும். ஒவ்வொரு முறை பறந்து வந்த பிறகும் வேறு வேறு இடத்தில் நின்றால் மாற்றிவிடு.

வாங்கத்தான் வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 2000 அடி வரை காட்டும் டயல் உள்ளதே சரி. 152 கடல்மட்டத்தில் நிமிடத்துக்கு 715 அடிதான் ஏறும். 65 நாட் வேகத்தில் 3 டிகிரி சரிவில் இறங்கினால் சுமார் 345 அடி. 6000 அடி டயலில் இதற்கு முள் கொஞ்சந்தான் நகரும்; 50 அடி வித்தியாசம் கண்ணுக்குப் பிடிபடாது. உடனுக்குடன் காட்டும் வகையான ஐவிஎஸ்ஐ உனக்கு வேண்டாம். சாதாரணக் கருவியில் பெட்டிக்குள்ளிருக்கும் காற்று ஒரு நுண்துளை வழியே மெல்லக் கசிகிறது. அதனால் முள் நிலைக்க 6 முதல் 9 விநாடி பிடிக்கும். ஐவிஎஸ்ஐயில் அந்தத் தாமதம் இல்லை, ஆனால் விமானத்தை அதிகமாகச் சாய்த்துத் திரும்பும்போது தப்பாகக் காட்டும்.

பொருத்தும்போது டெஃப்லான் டேப்பை முதல் மரையில் சுற்றாதே. ஒரு துணுக்கு உள்ளே போனாலும் அந்த நுண்துளை அடைத்துக்கொள்ளும். குழாயில் அடைப்பு என்று வாயால் ஊதவே ஊதாதே, உள்ளிருக்கும் மெல்லிய உறை கிழிந்துவிடும்.

கசிவுச் சோதனைதான் முக்கியம். எதிர்க்காற்றின் அழுத்தத்தை வாங்கும் பிட்டோ குழாய், சுற்றுக் காற்றின் அழுத்தத்தை வாங்கும் ஸ்டாட்டிக் குழாய் இரண்டையும் ஒரு ‘T’ வடிவ இணைப்பில் சேர்த்த பிறகே சிரிஞ்சால் உறிஞ்சு. ஸ்டாட்டிக்கை மட்டும் உறிஞ்சினால், உயரம் காட்டும் ஆல்டிமீட்டர் 1000 அடி ஏறுவதற்குள் வேகமானி 145 நாட்டைத் தொட்டுவிடும். விஎஸ்ஐ முள் 2000-ஐத் தாண்டாதபடி மெதுவாக இழு. 1000 அடியில் நிறுத்தி ஒரு நிமிடம் பார். 100 அடிக்குமேல் இறங்கினால் எங்கோ கசிகிறது. விடும்போதும் அதே மெதுவாக விடு.

கடைசியாக, விஎஸ்ஐயை 500-இல் நிலையாக வைத்து ஏறி, ஆல்டிமீட்டரில் 1000 அடி கூடுவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறதென்று கடிகாரத்தில் பார். 2 நிமிடம் வர வேண்டும். எவ்வளவு வந்தது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
உன் நண்பன்