நகைச்சுவைக் காட்சி எழுதுபவர்களுக்கு ஓர் ஆசிரியரின் மடல்

தமிழ்த் திரைப்படங்களுக்கு நகைச்சுவைக் காட்சிகள் எழுதும் நண்பர்களுக்கு,

வணக்கம். சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் முப்பது ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் எழுத்து எங்கள் ஊருக்கு எந்தக் கிழமை வந்து சேரும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். வெள்ளிக்கிழமை படம் வெளியாகும். திங்கட்கிழமை நான் வருகைப் பதிவேட்டைத் திறப்பதற்குள் வகுப்பில் ஒருவனுக்குப் புதுப் பெயர் வந்திருக்கும். இடுப்பை ஒடித்து நடக்கும் ஒரு பாத்திரம், அதைக் கண்டு அலறி ஓடும் கதாநாயகனின் தோழன், பின்னணியில் ஒரு கோமாளி இசை. உங்களுக்கு அது அரை மணி நேர வேலையாக இருந்திருக்கலாம். எட்டாம் வகுப்பில் ஒட்டிய அந்தப் பெயரை ஒரு பையன் பன்னிரண்டாம் வகுப்பு வரை சுமந்தான். அவன் "உள்ளேன் ஐயா" என்று எழுவதற்குள் கடைசி வரிசையிலிருந்து யாராவது அந்த இசையை வாயாலேயே வாசித்துவிடுவார்கள். முதல் நாள் நானும் சிரித்துவிட்டேன்.

அண்மையில் 'இன் அண்ட் அவுட்' என்ற அமெரிக்க நகைச்சுவைப் படத்தைப் பார்த்தேன். 1997இல் வந்தது, ஃப்ராங்க் ஆஸ் இயக்கியது. இந்தியானா மாநிலத்தில் ஒரு கற்பனைச் சிற்றூர், அங்கே ஓர் ஆங்கில ஆசிரியர். அவருக்குக் கல்யாணம் நெருங்கும் வேளையில், நடிகனாகிவிட்ட பழைய மாணவன் ஆஸ்கர் மேடையில் அவருக்கு நன்றி சொல்லி, அதோடு நிறுத்தாமல், அவர் தன்பாலீர்ப்பாளர் என்று போட்டு உடைத்துவிடுகிறான். 1994 ஆஸ்கர் விழாவில் நடிகர் டாம் ஹாங்ஸ் தன் பள்ளி நாடக ஆசிரியருக்கு நன்றி கூறிய உரைதான் கதைக்கு வித்து.

அதில் ஒரு காட்சியை நீங்கள் அவசியம் பார்க்க வேண்டும். ஆண்பிள்ளையாக நடந்துகொள்ளக் கற்றுத்தரும் ஒலிநாடா ஒன்றை ஓடவிட்டு, ஆசிரியராக நடிக்கும் கெவின் க்ளைன் விறைப்பாக நிற்கிறார். நாடாவில் பாட்டு வருகிறது. ஆடக் கூடாது என்று குரல் அதட்டுகிறது. அவருக்கோ உடம்பு கேட்கவில்லை; கொஞ்சம் கொஞ்சமாக அசைந்து, கடைசியில் அறை முழுக்கச் சுழன்று ஆடுகிறார். வயிறு வலிக்கச் சிரித்தேன். அங்கே கேலிக்கு ஆளானது அந்த நாடாதான்.

படத்தில் குறை இல்லாமல் இல்லை. கவிதை பிடிக்கும், நேர்த்தியாக உடுத்துவார், ஆகவே ஊர் சந்தேகப்பட்டது சரிதான் என்று கதை முடிவது எனக்கு உறுத்தியது. கை அசைவைக் கொண்டு ஆளை அளப்பதைத்தானே எங்கள் கடைசி வரிசையும் செய்தது? ஆனாலும், வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஆசிரியருக்காகப் பட்டமளிப்பு விழாவில் மாணவர்களும் ஊராரும் ஒவ்வொருவராக எழுந்து "நானும்தான்" என்று அறிவிக்கும் இடத்தில் என் கண் கலங்கியது. ஊரே சேர்ந்து சிரிப்பது எங்களுக்குப் பழக்கம். ஊரே சேர்ந்து எழுவதை அன்றுதான் பார்த்தேன்.

இங்கே சட்டம் உங்களுக்கு முன்னால் போய்விட்டது. தன்பால் உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவின் பிடியிலிருந்து 2018இல் உச்ச நீதிமன்றம் தன்பாலீர்ப்பாளர்களை விடுவித்தது. 2021இல் சென்னை உயர் நீதிமன்றம், இவர்களைச் 'சரிசெய்கிறேன்' என்று கிளம்பும் மருத்துவத்துக்குத் தடை போட்டது. கதை விவாத அறையில் மட்டும் அதே இடுப்பு, அதே இசை.

சிற்றூரில் சிரிக்க வேறு ஆளா இல்லை? மகனின் நடையைத் திருத்த ஜோசியரிடம் ஓடும் அப்பாவை எழுதுங்கள். உடற்பயிற்சிக் கூடத்தில் பணம் கட்டிவிட்டு 'ஆண்மை' வரும் நாளுக்காகக் காத்திருக்கும் மாமாவை எழுதுங்கள். பேரனிடம் இதையெல்லாம் எப்போதோ கண்டுகொண்டு, வெற்றிலை மென்றபடி பேசாமல் இருக்கும் பாட்டியை எழுதுங்கள்.

அந்தப் பையன் இப்போது வெளியூரில் வேலை பார்க்கிறான். அவன் யாரை விரும்புகிறான் என்று நான் கேட்டதில்லை. அது என் வேலையும் இல்லை. பொங்கலுக்கு வந்தவனை, தியேட்டருக்குப் போகலாமா என்று அழைத்தேன்.

"என்ன படம் சார், காமெடியா?" என்று கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டாமல் நின்றான்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர்