பால்மரத்தை மீண்டும் பார்த்தேன்

சிங்கப்பூர்,
செப்டம்பர் 14

அன்புள்ள மல்லிகா,

பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்கு எட்டு மாதமாகப் பதில் எழுதவில்லை. மேசை இழுப்பறையைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அது கண்ணில் படுகிறது, மனம் குறுகுறுக்கிறது. கோபம் இருந்தால் பதிலில் வயிறாரத் திட்டிவிடு. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மெல்பர்ன் குளிர் அதற்கு ஒத்துக்கொள்கிறதா? இங்கே எல்லாரும் நலம். பெரியக்கா 82 வயதிலும் தனியாகத் தேக்கா சந்தைக்குப் போய் மீன்காரரோடு பேரம் பேசித் திரும்புகிறாள். நீ என்னிடம் விட்டுப்போன மல்லிகைத் தொட்டி நன்றாகப் பூக்கிறது. உன்னைவிட அதற்கு நன்றி உணர்ச்சி அதிகம்.

இவற்றைச் சொல்ல நான் உட்காரவில்லை. போன மாதம் ஒரு பால்மரத்தை, அதாவது ரப்பர் மரத்தைப் பார்த்தேன். நம் தோட்டத்தில் நின்றவற்றைப் போல அடிமரத்தில் வெட்டுத் தழும்புள்ள மரம். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல முடியும்?

என் கணவர் போய் இரண்டு வருடம் ஆகிறது. நான் வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை என்று மகளுக்குக் கவலை. என் பிறந்தநாளுக்குச் சேலை எடுக்காமல், மெக்ரிட்சி நீர்த்தேக்கக் காட்டில் வனக் குளியலுக்குப் பணம் கட்டிவிட்டாள். மூன்று மணி நேரம் மரங்களுக்கு நடுவே மெதுவாக நடப்பதற்குக் கட்டணம்! அப்பா விடியற்காலை நான்கு மணிக்கு நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு அதே மாதிரி மரங்களுக்கு நடுவே நடந்தார். அவருக்குக் கூலி கொடுத்தார்கள், அதுவும் அரைகுறைக் கூலி. மகளிடம் அன்று நன்றாகச் சண்டை போட்டேன்.

முப்பத்தெட்டு வருடம் தாதி வேலை பார்த்தவள் ஆதாரம் கேட்காமல் எதையும் நம்ப மாட்டேன் என்பது உனக்குத் தெரியும். போவதற்கு முன் படித்துப் பார்த்தேன். 1982இல் ஜப்பானிய வனத்துறை இதற்கு ஷின்ரின் யோகு என்ற பெயரைச் சூட்டியது. காட்டின் காற்றில் குளிப்பது என்று பொருள். அங்கே சிங் லீ என்ற மருத்துவர் தோக்கியோவில் வேலை பார்த்த 13 தாதிகளை இரண்டு இரவு, மூன்று பகல் காட்டுப் பகுதிக்கு அழைத்துப்போய், முன்னும் பின்னும் ரத்தம் எடுத்துச் சோதித்திருக்கிறார். நோயெதிர்ப்பு அணுக்களில் ஒருவகையின் செயல்பாடு கூடியது, ஒரு வாரத்துக்குப் பிறகும் அது முழுவதும் இறங்கவில்லை. மரங்கள் பூச்சிகளுக்கும் கிருமிகளுக்கும் எதிராக வெளியிடும் வாசனைப் பொருள்களுக்கு இதில் பங்கு உண்டு என்பது அவருடைய கருத்து. 13 பேர் மிகச் சிறிய எண்ணிக்கை; அதை வைத்து நோய் தீரும் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆனாலும் தாதிகள் என்று படித்ததும் எனக்கு நெருக்கமாகிவிட்டது. இரவு வேலை முடிந்து காலை ஏழு மணிக்கு நாம் வெளியே வந்தபோது, இரண்டு நாள் எங்காவது போய்விட்டு வாருங்கள் என்று நம்மிடம் யார் சொன்னார்கள்?

வழிகாட்டி ஒரு சீனப் பெண், முப்பது வயது இருக்கும். நான் மருத்துவர் அல்ல, சிகிச்சை செய்வது காடு, கதவைத் திறந்துவிடுவது மட்டும் என் வேலை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அவர்கள் வட்டாரத்தில் இப்படித்தான் சொல்வார்களாம். மூன்று மணி நேரத்தில் நாங்கள் ஒரு கிலோமீட்டர்கூட நடக்கவில்லை. செடிகளின் பெயர்களை அவர் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. ஒவ்வோர் இடத்திலும் ஓர் அழைப்பு விடுப்பார். அசைவனவற்றை மட்டும் பாருங்கள் என்பார். பிறகு, தொலைவில் கேட்கும் ஒலியிலிருந்து அருகில் கேட்கும் ஒலிவரை காதைக் கொண்டுவாருங்கள் என்பார். விருப்பம் இல்லாவிட்டால் சும்மா இருக்கலாம். கடைசியில், ஆளுக்கோர் இடத்தில் இருபது நிமிடம் தனியாக உட்காருங்கள் என்றார்.

உட்கார்ந்தேன். ஐந்து நிமிடம்வரை விரைவுச்சாலை இரைச்சலும் கொசுவும்தான். அப்போது தலைக்கு மேலே "டப்" என்று ஒரு வெடிச்சத்தம், அதைத் தொடர்ந்து இலைகளில் ஏதோ சிதறி விழும் ஓசை. தள்ளி உட்கார்ந்திருந்த இளைஞர் துள்ளி எழுந்துவிட்டார். எனக்கு நிமிர்ந்து பார்க்கவேண்டிய தேவையே இல்லை, மல்லிகா. ரப்பர் காய் வெயிலில் வெடிக்கும் சத்தம். பள்ளி விட்டதும் எந்த நிரையில் வெடித்தது என்று கேட்டுக்கொண்டே ஓடிப்போய்க் கொட்டை பொறுக்குவோமே, அதே சத்தம். சிமெண்டில் தேய்த்துச் சூடாக்கி உன் கையில் வைத்தது நான் இல்லை என்று இப்போதும் சொல்கிறேன்.

திரும்பிப் பார்த்தால் நான் சாய்ந்திருந்ததே பால்மரம். அடிமரம் முழுவதும் புடைத்து, கரடுமுரடாகி, உளி பட்ட இடங்களில் பட்டை மூடி மூடி வளர்ந்திருந்தது. பால் பிடிக்கும் மங்கு கட்டிய உயரத்தில் கையை வைத்தேன். அப்பாவின் முகம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. அவருடைய சட்டையில் உறைந்திருந்த ஒட்டுப்பால் நாற்றம் வந்தது. அதற்காக அவரை வாசலிலேயே நிறுத்திக் குளித்துவிட்டு வரச் சொல்வேன், ஒன்பது வயதில். அன்று அந்தக் காட்டில் உட்கார்ந்து அழுதேன். அவர் இறந்தபோதும் என் கணவர் இறந்தபோதும் அப்படி அழவில்லை.

முடிவில் வழிகாட்டி சிறு கோப்பைகளில் சேரை என்னும் எலுமிச்சம்புல் தேநீர் ஊற்றினார். முதல் கோப்பையை மண்ணில் ஊற்றி மரங்களுக்குக் கொடுத்தார். வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு வார்த்தை பேசியபோது நான் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். இந்தக் காட்டில் பால்வெட்டியவர்கள் இருந்தார்கள் என்பது அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. 1877இல் 22 ரப்பர் நாற்றுகள் லண்டனிலிருந்து இங்கே வந்ததும், தாவரவியல் தோட்டத்தில் ரிட்லி என்பவர் மரம் சாகாமல் பால் எடுக்கும் வெட்டுமுறையைக் கண்டறிந்ததும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த வெட்டைத் தினமும் வெட்டிய கைகளைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

இதற்கு மேல்தான் நான் உண்மையாகச் சொல்ல நினைத்தது. நான் உட்கார்ந்திருந்தது ஆதிக்காடு அல்ல. காட்டை அழித்துத் தோட்டம் போட்டார்கள், பிறகு தோட்டத்தைக் கைவிட்டார்கள். அந்த நிரைகளுக்கு இடையிலேயே காடு மறுபடி வந்திருக்கிறது. பால்மரத்தின் அடியில் எத்தனை கன்றுகள் முளைத்திருந்தன தெரியுமா? இப்படித் திரும்பி வளர்ந்த காட்டுக்கு இந்த ஊரில் மதிப்பு இல்லை. புதர் மண்டிக் கிடக்கும் காலி நிலம் என்றுதான் பேசுகிறார்கள்.

மகளுக்குத் தெங்கா புதுநகரில் அரசாங்க வீவக வீடு கிடைத்துவிட்டது. அந்த 700 ஹெக்டேரும் அப்படி வளர்ந்த காடுதான். செங்கல் சூளையும் கம்பத்துக் கிராம வீடுகளும் இருந்த நிலம், பிறகு ராணுவப் பயிற்சி நிலம், மனிதர்கள் விலகியபோது மரங்கள் வந்தன. இப்போது 42,000 வீடுகள் வருகின்றன. நடுவே 5 கிலோமீட்டர் நீளத்துக்கு, 100 மீட்டர் அகலத்தில் ஒரு வனப்பாதையை விடுகிறார்கள், மேற்கிலும் மத்தியிலும் உள்ள காடுகளை இணைக்க. இன்னும் அதிகமாக விடுங்கள் என்று இயற்கைச் சங்கம் கேட்டது. மகள் எட்டு வருடம் மாமியார் வீட்டில் ஓர் அறையில் குடும்பம் நடத்தினாள். அவளுக்கு வீடு வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வேன்? சாவி வாங்கிய அன்று நானும் பால் காய்ச்சினேன். பேத்தி சன்னலில் நின்றுகொண்டு, "பாட்டி, இங்கே முன்னாடி என்ன இருந்தது?" என்று கேட்டாள். காடு என்றேன். "அதில் இருந்தவர்கள் எங்கே போனார்கள்?" என்றாள். ஏழு வயதுக் குழந்தை பறவைகளையும் பன்றிகளையும் "இருந்தவர்கள்" என்கிறது. எனக்குப் பதில் தெரியவில்லை.

அந்தக் கேள்விதான் என்னைத் தாம்சனுக்குத் துரத்தியது. நீயும் நானும் உன் அண்ணன்களோடு போய்க் கார்ப் பந்தயம் பார்த்த பழைய அப்பர் தாம்சன் சாலையேதான். அதன் ஓரத்தில் 2019இல் பூங்கா திறந்தார்கள். சாலைக்கு மேலே கயிற்றுப் பாலங்கள் தொங்குகின்றன, கருங்குரங்குகள் கடப்பதற்காக. இந்த நாட்டில் மொத்தமே நூற்றுக்கும் குறைவு, அவ்வளவுதான். தொடையில் வெள்ளைப் பட்டை, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். தரைக்கு அநேகமாக இறங்குவதில்லை. அவற்றுக்காக 2016இல் ஒரு பணிக்குழு அமைந்தது. தொண்டூழியர்கள் குறித்த பாதையில் மாதாமாதம் நடந்து எண்ணுகிறார்கள். நான் சேர்ந்துவிட்டேன். மூன்று முறை போனேன், இரண்டு முறை ஒன்றும் தென்படவில்லை. மூன்றாம் முறை ஒரு தாயும் வெள்ளைக் குட்டியும். பதினொரு நிமிடம் பார்த்தேன், நேரத்தைக் குறித்து வைத்திருக்கிறேன்.

எண்ணுபவர்கள் பேசும் தொனி வேறு, வனக் குளியல்காரர்கள் பேசும் தொனி வேறு. கண்ணை மூடி மரத்தைத் தொடுவதால் எந்த மரம் பிழைத்தது என்று எங்கள் குழுவில் ஒருவர் கேட்டார். கோபம் வந்துவிட்டது எனக்கு. அந்த மரத்தைத் தொடாமல் இருந்திருந்தால் நான் இந்தப் பட்டியலைத் தூக்கிக்கொண்டு வந்திருக்க மாட்டேன் என்று அவரிடமே சொன்னேன். ஆனால் வழிகாட்டியிடமும் சண்டை போட்டேன்: மூன்று மணி நேரம் ஆறுதல் வாங்கிக்கொண்டவர்களிடம், இந்தக் காட்டுக்கு என்ன ஆபத்து என்று கடைசிப் பத்து நிமிடமாவது சொல்ல வேண்டாமா? 1986இல் சுங்கை பூலோவில் பறவை பார்க்கப் போன சிலர், பார்த்தோம், மகிழ்ந்தோம் என்று வீட்டுக்குப் போயிருந்தால் அந்தச் சதுப்புநிலம் இன்று இருக்காது. உட்கார்ந்து அறிக்கை எழுதி அரசாங்கத்திடம் கொடுத்தார்கள். அந்தப் பெண் கோபப்படவில்லை. அடுத்த நடையில் அந்தப் பத்து நிமிடத்தை நீங்களே பேசுங்கள் என்றார். வரும் சனிக்கிழமை பேசப்போகிறேன். ஆங்கிலத்தில் எழுதி வைத்தேன், அப்பாவைப் பற்றிய பகுதி அதில் சரியாக வரவில்லை. அதை மட்டும் தமிழில் சொல்லிவிட்டுப் பிறகு விளக்கலாம் என்று இருக்கிறேன். நீ என்ன நினைக்கிறாய்?

டிசம்பரில் வருகிறேன் என்று எழுதியிருந்தாய். வந்தால் கடைத்தெரு அப்புறம், முதலில் மெக்ரிட்சி. மெதுவாகத்தான் நடப்பார்கள், உன் முழங்காலுக்குக் கெடுதல் இல்லை. பேத்தியையும் அழைத்துப் போகலாம்.

அவளிடம் நம் தோட்டத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து ஓரிடத்தில் நின்றுவிட்டேன். மூன்றாம் நிரையின் கோடியில், கிணற்றுக்குப் பக்கத்தில் சாய்ந்து நின்ற பெரிய மரத்துக்கு நாம் ஒரு பெயர் வைத்திருந்தோமே, அது என்ன? இரவெல்லாம் யோசித்தும் வரவில்லை. பெரியக்காவுக்கும் தெரியவில்லை. உனக்குத்தான் தெரியும். கடிதம் வரத் தாமதமாகும் என்றால் தொலைபேசியிலாவது சொல், குழந்தை தினமும் கேட்கிறாள்.

உன்,
தேவி