ஹசாப் கூட்டத்தில் ஆள் குறைக்கச் சொல்லும் ப்ராஜெக்ட் மேனேஜர்களுக்கு

வணக்கம்.

உங்கள் நெருக்கடி எனக்குத் தெரியும். ஆலை வரைபடத்தைப் பகுதி பகுதியாக எடுத்து எங்கே என்ன தவறு நடக்கலாம் என்று பார்ப்பதுதான் ஹசாப். அதற்காக எட்டு பேர் ஐந்து நாள் ஓர் அறையில் உட்கார்ந்தால் எத்தனை மணி நேரம் போகிறது என்று உங்கள் எக்செல் காட்டிக்கொண்டே இருக்கும். அதனால்தான் "நீங்க சீனியர் ப்ராசஸ் ஆளாச்சே, நீங்களும் ஆப்பரேஷன்ஸ்காரரும் இருந்தா போதாதா, மத்தவங்க தேவைப்படும்போது வரட்டும்" என்கிறீர்கள்.

போதாது. அவர்கள் தேவை என்று எனக்கே உறைக்காத இடத்தில்தான் அவர்கள் தேவைப்படுகிறார்கள்.

ஒரு வேலையில் நான் போட்ட பி அண்ட் ஐடியில், அதாவது குழாய், கருவி வரைபடத்தில், குளிர்நீருக்கு இரண்டு பம்ப், ஒன்று ஓடும், ஒன்று ஸ்டான்ட்பை. ரியாக்டருக்குள் நடப்பதோ வெப்பம் உமிழும் வினை. குளிர்நீர் நின்றால் என்ன ஆகும் என்று பார்க்கும் "ஓட்டம் இல்லை" என்ற வரி வந்ததும், ஸ்டான்ட்பை தானாக ஓடத் தொடங்கும் என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போகப் பார்த்தேன். மூலையில் இருந்த எலெக்ட்ரிக்கல் தம்பி, வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகியிருக்காது, "சார், ரெண்டு மோட்டாருக்கும் ஒரே போர்டுலேர்ந்துதான் சப்ளை" என்றார். என் வரைபடத்தில் அது தெரியவே தெரியாது, அவருடைய சிங்கிள் லைன் என்ற மின் வரைபடத்தில்தான் இருக்கிறது. போர்டு ட்ரிப் ஆனால் இரண்டும் நிற்கும். எல்லாம் காகிதத்தில் இருந்த நேரம் என்பதால் சுலபமாக மாற்றிவிட்டோம். அவரைத்தான் நீங்கள் "தேவைப்பட்டா கூப்பிடலாம்" பட்டியலில் வைக்கிறீர்கள்.

இங்கிலாந்தின் ஃப்ளிக்ஸ்பரோ ரசாயன ஆலை வெடித்த கதை உங்களுக்கும் தெரிந்ததுதான். வரிசையில் ஐந்தாவது ரியாக்டர் விரிசல் விட்டது, அதை எடுத்துவிட்டு நான்கையும் ஆறையும் 20 அங்குலக் குழாயால் இணைத்தார்கள். இரண்டு முனையிலும் பெல்லோஸ் என்ற நெளியும் இணைப்பு, உயரம் வேறுபட்டதால் நடுவில் வளைவு. வரைபடம் என்று இருந்தது பட்டறைத் தரையில் சாக்பீஸால் போட்டதுதான். வொர்க்ஸ் இன்ஜினியர் விலகிப் போய் அந்த இடம் காலியாகக் கிடந்தது. அழுத்தம் ஏறினால் அந்த வளைவில் விசை எந்தப் பக்கம் தள்ளும் என்று கேட்கத் தகுதியான மெக்கானிக்கல் ஆள் அங்கே இல்லை. 1974 ஜூன் 1 அன்று அந்தக் குழாய் பிய்ந்து ஆலை வெடித்ததில் 28 பேர் இறந்தார்கள், அதுவும் சனிக்கிழமை என்பதால் அலுவலகம் காலியாக இருந்தும்.

சரி, என் பக்கத் தவறையும் சொல்லிவிடுகிறேன். கூட்டத்தில் பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டிருப்பது உண்மைதான். வரைபடத்தை முந்தின நாள் ராத்திரி அனுப்பினால் வேறென்ன செய்வார்கள்? இனி ஒரு வாரம் முன்பே அனுப்புகிறேன். சிவிலுக்கு அரை நாள் போதும், அவர்கள் சம்பந்தப்பட்டதை எல்லாம் ஒரே காலையில் முடித்துவிடலாம். ஆனால் மெக்கானிக்கல், இன்ஸ்ட்ருமென்ட், எலெக்ட்ரிக்கல் மூவரும் முழு நேரமும் இருக்க வேண்டும். பைப்பிங்கும் இன்ஸ்ட்ருமென்ட்டும் ஒரு வால்வு யாருடையது என்று அரை மணி சண்டை போட்டாலும் பரவாயில்லை, அந்தச் சண்டையில்தான் யாரும் பொறுப்பெடுக்காத இடம் வெளியே வருகிறது.

அப்புறம் ஒன்று. இவர்களில் ஒருவர் இல்லாமல் பார்த்த பகுதி எதுவாக இருந்தாலும் அறிக்கையில் "முடிவடையவில்லை" என்றே எழுதுவேன், யார் வரவில்லை என்பதையும் சேர்த்து. அவர்கள் வந்து பார்த்த பிறகு கையெழுத்துப் போடுகிறேன்.