ஆர்டுயினோவுக்கு 777 அனுமதி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உபுண்டு என்னும் லினக்ஸ் இயங்குதளம் உள்ள கணினியில், ஆர்டுயினோ என்னும் நிரல் எழுதி இயக்கும் சிறிய மின்னணுப் பலகையைச் செருகும்போது 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று வந்தால், கோப்பின் அனுமதியை மாற்றும் சிஎச்மாட் (chmod) கட்டளையில், எல்லோருக்கும் எல்லா உரிமையும் தரும் 777 என்ற எண்ணைக் கொடுத்துவிடுமாறு தங்கள் மாணவர் பக்கத்தில் சென்ற வாரம் ஒரு குறிப்பு வந்திருந்தது. பள்ளி ஆய்வகத்தில் இப்பலகைகளை அன்றாடம் கையாளும் ஆசிரியன் என்ற முறையில், மாணவர்கள் இதைப் பின்பற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அந்த அனுமதி நிலைக்காது. செருகிய பலகையை லினக்ஸ் ஒரு கோப்பாகக் காட்டுகிறது. இத்தகைய கருவிக் கோப்புகள் வட்டில் நிலையாக இருப்பவை அல்ல. கேபிளைச் செருகினால் தோன்றி, கழற்றினால் மறைந்துவிடுபவை. மாணவர் கேபிளைக் கழற்றி மாட்டியதும் புதிய கோப்பு, ரூட் என்னும் நிர்வாகி உரிமையாளராகவும் டயல்அவுட் என்பது பயனர் குழுவாகவும், அவ்விரு தரப்பினர் மட்டுமே படிக்கவும் எழுதவும் விடும் பழைய 660 அனுமதியோடு வந்து நிற்கும். நிலைக்கும் வரையிலோ, பலர் பயன்படுத்தும் கணினியில் எவருடைய நிரலும் அப்பலகையில் எழுதலாம் என்றாகிவிடுகிறது.

அனுமதிகளை நிர்ணயிப்பது யூடெவ் (udev) என்னும் பின்னணி நிரல் என்பதால், மாற்ற வேண்டியது அதன் விதியைத்தான். எல்எஸ்யுஎஸ்பி (lsusb) கட்டளை, செருகியிருக்கும் ஒவ்வொரு கருவியின் தயாரிப்பாளர் எண்ணையும் பொருள் எண்ணையும் காட்டும். ஆர்டுயினோ ஊனோ ஆர்3 பலகைக்கு அவை 2341, 0043. சிஎச்340 என்னும் யுஎஸ்பி இணைப்புச் சில்லு பொருத்திய மலிவான பலகைகளில் 1ஏ86, 7523 என்று பார்க்கலாம். அந்த எண்களுடன் 'யுஆக்சஸ்' (uaccess) என்ற குறியையும் சேர்த்து ஒரே வரி விதி எழுதினால், அந்தக் கணினியின் முன் உள்நுழைந்திருக்கும் மாணவருக்கு மட்டும் அனுமதி கிடைத்து, அவர் வெளியேறியதும் தானாகவே நீங்கிவிடும். வகுப்புக்கு வகுப்பு ஆள் மாறும் ஆய்வகத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டை நான் கண்டதில்லை.

விதிக் கோப்பின் பெயரில் மட்டும் கவனம் தேவை. கோப்புகள் பெயர் வரிசைப்படி படிக்கப்படுகின்றன. யுஆக்சஸ் குறியைப் பார்த்து அனுமதி வழங்கும் கோப்பு 73 என்று தொடங்குவதால், நம்முடையது அதற்கு முன், 70 என்பது போல், தொடங்க வேண்டும். 99 என்று பெயரிட்டுவிட்டு, எழுத்துப் பிழை ஏதும் இல்லாத விதி ஏன் வேலை செய்யவில்லை என்று ஒரு முழுநாள் தேடியிருக்கிறேன். பெயரை மாற்றி, யூடெவ்ஏடிஎம் (udevadm) கட்டளையால் விதிகளை மீண்டும் ஏற்றி, கேபிளைக் கழற்றி மாட்டியதும் எல்லாப் பலகைகளும் இயங்கின.

அக்குறிப்பை நம்பிச் செய்துகொண்டிருக்கும் மாணவர்களுக்காக, அதே பக்கத்தில் ஒரு திருத்தம் வெளியிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கணினி ஆசிரியர் ஒருவர்,
திண்டுக்கல் மாவட்டம்