நீலாங்கரை வீட்டைப் பார்த்துவிட்டு வந்தேன்

அன்புள்ள பாலு,

நீ வாங்கலாமா என்று கேட்ட, சென்னை நீலாங்கரை வீட்டை ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டேன். வாட்ஸ்அப்பில் பேசியே அனுப்பிவிடலாம் என்று ஆரம்பித்தேன், பதினோரு நிமிடம் ஓடியும் நான் இன்னும் வாசல் கேட்டைத் தாண்டவில்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் நல்லது. இரண்டரை கிரவுண்டு, 6,000 சதுர அடி, கிழக்குப் பார்த்த வாசல், கடலிலிருந்து மூன்றாவது மனை. தெருவில் ஹார்ன் சத்தமே இல்லை. ஈசிஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து நானூறு அடி உள்ளே வந்ததும் ஊரே மாறிவிடுகிறது, இரண்டு பக்கமும் உயரமான மதில், போகன்வில்லா, கேட்டுக்கு கேட் ஒரு வாட்ச்மேன், நடந்து போகிற ஆள் நான் ஒருத்தன்தான். உள்ளே ஐந்து படுக்கையறை, லிஃப்ட், பூஜை அறைக்குத் தேக்குக் கதவு, பின்னால் சின்ன நீச்சல் குளம். குளத்தில் தண்ணீர் இல்லை, சருகும் ஒரு ஒற்றைச் செருப்பும் கிடந்தன.

நீ அனுப்பிய படங்கள் பொய் இல்லைடா, ஆனால் தூரத்திலிருந்து எடுத்தவை. கிட்டே போனால் உப்புக்காற்று வேலையைக் காட்டியிருக்கிறது. ஜன்னல் கீல்கள் பாதிக்கு மேல் துருப்பிடித்து இறுகிவிட்டன, ஏசி வெளி யூனிட்டின் தகடு அப்பளம் மாதிரி நொறுங்குகிறது, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்கிற மாடிப்படிக் கைப்பிடியிலேயே பழுப்புப் புள்ளி. இதெல்லாம் மாற்றிக்கொள்ளலாம். எனக்கு உறுத்தியது போர்டிகோவின் மேல்பக்கம். புதுப் பெயின்ட் அடித்திருந்தார்கள், அங்கே மட்டும் ஏன் புதிது என்று வண்டிச் சாவியால் தட்டினேன், உள்ளே காலியாக இருப்பதுபோல் சத்தம் வந்தது. உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பினால்தான் கான்கிரீட் அப்படி விட்டுக்கொடுக்கும். புரோக்கர் "அது சும்மா பூச்சு வேலை சார்" என்றார். வீடு கட்டியது 2009, இப்போதே இப்படி.

தண்ணீரைப் பற்றி வாட்ச்மேன்தான் உண்மையைச் சொன்னார். போர்வெல் தண்ணீர் வாயில் வைக்க முடியாது, உப்புக் கரிக்கிறது, குடும்பம் இருந்தபோது வாரம் மூன்று லாரி. ஈசிஆரிலேயே தெற்கே போனால் நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் இரண்டு, 2013இல் வந்தது நாளுக்கு 10 கோடி லிட்டர், 2024இல் திறந்தது 15 கோடி லிட்டர். அந்தத் தண்ணீர் நகரத்துக்குப் போகிறது, கடலைப் பார்த்துக்கொண்டு இருக்கிற இந்தத் தெருவுக்கு லாரி வருகிறது.

அப்புறம் பத்திரம். இங்கேதான் கவனம் வேண்டும். உன் மகனுக்கு ரொம்பப் பிடித்த அந்த ஹோம் தியேட்டர் இருக்கிறதே, அது இரண்டாம் மாடியில் இருக்கிறது. பிளானைக் காட்டச் சொன்னேன். அதில் தரைத்தளம், முதல் மாடி, அவ்வளவுதான். கட்டிய காலத்தில் நீலாங்கரை பஞ்சாயத்து, 2011இல்தான் மாநகராட்சியோடு சேர்ந்தது. கிராமப்புறக் கடலோரத்துக்கு அப்போதிருந்த மத்திய அரசு விதிப்படி தரையோடு ஒரு மாடி, உயரம் 9 மீட்டர், அதற்கு மேல் கிடையாது. ஆக நீ தியேட்டருக்கும் சேர்த்துப் பணம் கொடுப்பாய், பேங்க் மதிப்பீட்டுக்காரர் அதைக் கணக்கிலேயே எடுக்கமாட்டார், நாளைக்கு நோட்டீஸ் வந்தால் உன் பெயருக்கு வரும். பட்டா, முப்பது வருட வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம் எல்லாவற்றையும் நம் வக்கீலிடம் கொடுக்காமல் ஒரு ரூபாய் அட்வான்ஸ் கொடுக்காதே.

கேட்கிற விலை ஒன்பதரைக் கோடி. முழுத் தொகைக்கும் பதிவு செய்தால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், எண்பத்தைந்து லட்சத்துக்கு மேல் அங்கேயே போய்விடும். அதனால்தான் புரோக்கர் காரில் ஏறும்போது குரலைத் தாழ்த்தி, "வழிகாட்டி மதிப்புக்குப் பதிவு போட்டுக்கலாம் சார், மிச்சம் ரொக்கமா" என்றார், அரசு குறித்த அந்த மதிப்பு கேட்கிற விலையை விடக் குறைவு. முப்பது வருடம் மஸ்கட்டில் சம்பாதித்த வெள்ளைப் பணத்தை உட்கார்ந்து கருப்பாக்கச் சொல்கிறார் பார். இன்னொன்று, விற்கிறவர் அமெரிக்காவில் செட்டிலானவர். உள்ளூர்க்காரர் விற்றால் விலையில் 1 சதவீதத்தை வரியாகப் பிடித்துக் கட்டினால் போதும், வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் அந்தக் கணக்கு செல்லாது, அவருடைய மூலதன ஆதாய வரியையே நீ பிடித்துக் கட்டவேண்டும். விட்டுவிட்டால் வருமான வரித்துறை உன்னைத்தான் தேடும். ஆடிட்டரைக் கேள்.

என் கருத்தைக் கேட்டால், மனைக்கு விலை கொடு, வீட்டுக்குக் கொடுக்காதே. பக்கத்து மனையில் இதே வயசு பங்களாவை இடித்துக்கொண்டிருந்தார்கள், சுவரில் டைல்ஸ் அப்படியே இருக்க ஜேசிபி உள்ளே நிற்கிறது. இங்கே பதினைந்து வருட வீட்டை வாங்குகிறவன் வீட்டைப் பார்ப்பதே இல்லை என்று தோன்றியது.

மாடியில் நின்றபோது உன் ஞாபகம்தான் வந்தது. தொண்ணூறில், ஆமை காக்கிற மாணவர் குழுவோடு இதே நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ராத்திரி முழுக்க நடந்தோமே, பங்குனி ஆமை முட்டை தேடி. நீ நாய் துரத்தி வேட்டியோடு அலையில் விழுந்தாய். அப்போது டார்ச் அடிக்கக்கூடாது என்று திட்டுவார்கள், குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்தால் கடலை விட்டு அந்தப் பக்கம் நடந்துவிடும். இந்த வீட்டு மொட்டை மாடியில் கடலைப் பார்த்து நாலு ஃபோகஸ் லைட். வாங்கினால் முதலில் அதைக் கழற்று, நானே வந்து ஸ்டூல் பிடிக்கிறேன்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். சரோஜாவுக்கு முழங்கால் வலி, லிஃப்ட் இருக்கிறது என்றதும் "அவங்க வாங்கினா நாம வாரா வாரம் போகலாம்" என்கிறாள், அதையும் சொல்லிவிட்டேன். நீ ஜனவரியில் வருவதாக இருந்த டிக்கெட்டை நவம்பருக்கு மாற்று. நல்ல மழை நாளில் அந்தத் தெருவில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் விலை பேசலாம்.

உன்,
கணேசன்