ஒரு சோறு பதம் இங்கே போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மூட்டுக் குருத்தெலும்பை ஆய்வகத்தில் வளர்ப்பது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, வளர்ந்த திசு தேறியதா என்பதை எப்படி அறிகிறார்கள் என்னும் கேள்வியைத் தொடாமலே முடிந்துவிட்டது.

ரத்தக் குழாய்கள் இல்லாத குருத்தெலும்பு தானாக ஆறுவது அரிது. நோயாளியின் சொந்தச் செல்களைப் பெருக்கி முழங்காலில் வைத்த சிகிச்சையின் முடிவுகளை ஸ்வீடன் மருத்துவர்கள் 1994இல் வெளியிட்டார்கள். இப்போது அத்தகைய செல்களை நீர் நிறைந்த ஹைட்ரோஜெல்லில் பதித்து வாரக்கணக்கில் வளர்க்கிறார்கள். ஆனால் குருத்தெலும்பின் முக்கியக் கட்டுமானப் பொருள்களான புரோட்டியோகிளைக்கனும் (சர்க்கரைச் சங்கிலிகள் இணைந்த புரதம்) கொலாஜனும் (நார்ப் புரதம்) போதிய அளவு சேர்ந்தனவா என்று பார்க்க, திசுவைச் சீவிச் சாயமேற்றுவதோ கரைத்து அளப்பதோதான் வழக்கம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சரிதான். இங்கே நசுக்கிப் பார்த்த அதே பருக்கையை அல்லவா பரிமாற வேண்டியிருக்கிறது!

ஆகவேதான் எம்.ஆர்.ஐ., மீயொலி, ராமன் நிறமாலை (சிதறும் ஒளியைக் கொண்டு வேதிப்பொருள்களை அறிவது) போன்ற வெட்டாத முறைகள் முக்கியமாகின்றன. புரோட்டியோகிளைக்கனின் எதிர்மின்னூட்டம் ஈர்த்து வைக்கும் சோடியம் அயனிகளைச் சோடியம் எம்.ஆர்.ஐ. அளந்து, அதன் வழியே புரோட்டியோகிளைக்கனின் அளவைக் கணிக்கிறது. எனினும் செல்களைப் பதிக்கப் பயன்படும் ஆல்ஜினேட், ஹையலூரோனிக் அமிலம் ஆகிய ஜெல்களுக்கே எதிர்மின்னூட்டம் உண்டு; அவையும் சோடியத்தை ஈர்க்கும் என்பதால், செல் இல்லாத வெறும் ஜெல்லையும் உடன் அளந்து ஒப்பிடாத முடிவுகளை நான் ஐயத்துடனேயே படிப்பேன். இதையும் விளக்கி ஒரு கட்டுரை வெளியிடக் கோருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்