தோற்றவர் எழுந்திருக்க வேண்டுமாம், அதற்குப் பெயர் சமத்துவமாம்!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் சென்னையின் டால் செஸ் கிளப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். 1972-ல் சென்னை சோவியத் கலாசார மையத்தில் மானுவல் ஆரோன் அதைத் தொடங்கியது, சிறுவன் விஸ்வநாதன் ஆனந்த் அங்கே பிளிட்ஸ் என்னும் அதிவேக ஆட்டம் ஆடிப் பழகியது எல்லாம் சரி. இடறியது ஒரே வரிதான்: "ஜெயித்தவர் உட்கார்ந்திருப்பார், தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போவார், எல்லாத் தரத்தினரையும் அரவணைத்த சமத்துவ முறை இது."

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பலகை, ஆளுக்கு ஐந்து நிமிடம், வரிசையில் எட்டுப் பேர். ஓர் ஆட்டம் பத்து நிமிடம் வரை போகும். கடைசியில் நிற்கும் புதியவர் ஒரு மணி நேரத்துக்கு மேல்கூடக் காத்திருந்து உட்காருவார். பன்னிரண்டாவது நகர்த்தலில் ராணியைப் பறிகொடுத்து மூன்றே நிமிடத்தில் எழுந்துவிடுவார். சாயங்காலம் முழுக்க ஆடுகிறவர், ஏற்கெனவே ஆடத் தெரிந்தவர். ஆனந்துக்கு அது சாணைக்கல், மறுப்பில்லை. மற்றவர்களுக்கு அது நிற்கும் பயிற்சி.

எல்லாத் தரத்தினரும் ஆட வேண்டுமென்றால் வேலை கதவைத் திறப்பதோடு முடிவதில்லை, ஜோடி சேர்ப்பதில்தான் தொடங்குகிறது. தங்களுக்குத் தெரியாததல்ல, ஆட்டக்காரரின் வலிமையைக் காட்டும் ரேட்டிங் எண்ணில் 400 புள்ளி வித்தியாசம் இருந்தால் வலுவானவருக்குப் பத்து ஆட்டத்தில் ஒன்பது புள்ளியாவது கிடைக்கும் என்பதே ரேட்டிங் கணக்கின் எதிர்பார்ப்பு. யாரையும் வெளியேற்றாமல், சுற்றுக்குச் சுற்று ஒரே அளவு புள்ளி எடுத்தவர்களை மோதவிடும் ஸ்விஸ் முறையும் இதற்கு மருந்தல்ல. நாற்பது பேர் வந்தால், ரேட்டிங் வரிசையின் மேல் பாதி கீழ்ப் பாதியோடு மோதும் முதல் சுற்றில் 1-ம் எண்ணுக்கு 21, 2-க்கு 22 என்றுதான் விழும். ரேட்டிங் இல்லாதவர்கள் பட்டியலின் அடியில் இருப்பதால் முதல் சுற்றிலேயே உதை. இரண்டாவது சுற்றில் தப்பித்து ஜெயித்தால் மூன்றாவதில் மறுபடி மேலே இருக்கிறவரிடம் மாட்டுவார்கள்.

சின்னக் கழகங்களுக்கு நால்வர் குழுதான் சரி. வலிமை வரிசையில் அடுக்கி, மேலிருந்து நாலு நாலு பேராகப் பிரித்தால் மூன்றே சுற்றில் ஒவ்வொருவரும் மற்ற மூவரோடும் ஆடிவிடலாம். 22 பேர் வந்தால் நான்கு குழு போக மிஞ்சும் ஆறு பேருக்கு மட்டும் மூன்று சுற்று ஸ்விஸ். 15 நிமிடம், நகர்த்தலுக்கு 10 விநாடி கூடுதல் என்று வைத்தால் 60 நகர்த்தல் ஆட்டமும் 50 நிமிடத்துக்குள் அடங்கும்.

வலுவானவரோடுதான் ஆடுவேன் என்று ஆசைப்படுகிறவருக்கு நேரச் சலுகை இருக்கிறது: ஆசைப்பட்டவருக்கு எட்டு நிமிடம், வலுவானவருக்கு இரண்டு. காயைக் குறைத்து ஆடுவதைவிட இது மேல். தொடக்க ஆட்டம் கெடாது. அடுத்த ஆட்டத்துக்கு நிறம் மாற்றும்போது கடிகாரத்தையும் திருப்பி வைக்க மறப்பதுதான் வழக்கமாக நடக்கும் கூத்து.

புதியவரை உட்காரவைக்கும் முன் இரண்டு விதியையாவது யாராவது சொல்ல வேண்டும். காயை நகர்த்திய கையாலேயே கடிகாரத்தை அழுத்த வேண்டும். கோட்டை கட்டும்போது (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றும் காஸ்லிங்) ராஜாவைத்தான் முதலில் தொட வேண்டும். யானையைத் தொட்டுவிட்டு ராஜாவைத் தொட்டால் அந்த நகர்த்தலில் அந்தப் பக்கம் கோட்டை கட்ட முடியாது. இது தெரியாமல் திட்டு வாங்கியவர் மறுவாரம் வரமாட்டார்.

எழுத உட்கார்ந்தாயிற்று, பழைய பாக்கியையும் தீர்த்துவிடுகிறேன். 2022-ல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது தாங்கள் போட்ட அட்டைப்படத்தில் வெள்ளையாக இருக்க வேண்டிய, ஆட்டக்காரரின் வலக்கை மூலைக் கட்டம் கறுப்பு. கடிகார எண்கள் நேராகவே தெரிந்தன, ஆகவே படம் இடவலம் மாறவில்லை. பலகையையே தப்பாக வைத்துப் படமெடுத்திருக்கிறார்கள். உலகமே வந்து இறங்கிய வாரத்தில்! இன்னொரு கட்டுரையில் மேல் பத்தியில் மந்திரி என்றால் ராணி, கீழ்ப் பத்தியில் மந்திரி என்றால் பிஷப். இரண்டு வழக்கும் தமிழில் உண்டு, ஒன்றைப் பிடித்துக்கொள்ளக் கூடாதா? பிறகு அந்த "ஸ்டேல்மேட் ஆகித் தோற்றார்". ஸ்டேல்மேட் என்றாலே ஆட்டம் டிரா. டிராவில் தோற்ற முதல் மனிதர் தங்கள் இதழில்தான் இருக்கிறார். இவற்றுக்குத் திருத்தம் ஏதும் என் கண்ணில் படவில்லை. ஆசிரியர் குழுவுக்கு நேரமிருந்திருக்காது.

கேட்பது பெரிதல்ல. தங்கள் 'நிகழ்ச்சிகள்' பகுதியில் செஸ் போட்டி அறிவிப்பு வரும்போதெல்லாம் "அனைவரும் வருக" என்று மட்டும் போடுகிறீர்கள். நேரக் கட்டுப்பாடு என்ன, ரேட்டிங் இல்லாதவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டா, கடிகாரமும் காய்களும் கொண்டுவர வேண்டுமா, பெயர் கொடுக்கக் கடைசி நேரம் எது, இந்த நான்கையும் சேர்த்து அச்சிடுங்கள். இடம் போதாவிட்டால் "அனைவரும் வருக"வை எடுத்துவிடலாம்; அந்த இடத்தில் நேரக் கட்டுப்பாடாவது அடங்கும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
சென்னை